மிலுங்கா சுரண்டி எடுத்த ஸ்டிக்கர்

மிலுங்காவின் காருக்கு பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று தாளில் அடித்துக் கொடுத்தவள் நான்தான். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பிறகு யாரும் வந்து என் காதைக் கடிக்க வேண்டாம்.

எங்கள் ஊர் லிபோவாவில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அவள் மிலொயேவை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தாள் என்கிறார்கள். அறையவில்லை. காருக்குத் தீ வைத்தாள் என்று சாச்சக் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிற ஒருத்தி என்னிடமே சொன்னாள். வைக்கவில்லை. அது நடந்தபோது நான் மூன்றடி தள்ளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மிலுங்கா எங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் செவிலி. பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் தேடிப் போகிறவள் அவள்தான். குழந்தையை நிறுப்பாள், தொப்புளைத் துடைப்பாள், தாய்க்குப் பால் கட்டியிருந்தால் பார்ப்பாள், மாமியாரின் வாயை அடக்குவாள். ஆள் குள்ளம். ரோடு தெரிய வேண்டும் என்று ஓட்டுநர் இருக்கையில் கம்பளி ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருப்பாள். மலைமேல் இருக்கும் வ்ரானே கிராமத்தில் மரம் வெட்டுகிறவரின் மகள். முப்பத்தொன்றாம் வயதில் கார் ஓட்டக் கற்றாள். அப்போது வ்ரானேயில் கார் ஓட்டுகிற பெண் வேறு யாரும் கிடையாது. உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்கடித்தார்கள். மூன்றாம் முறை காரில் ஏறும்போதே, "இந்தத் தடவையும் ஃபெயில் போட்டீங்கன்னா, ஏன்னு எழுதிக் குடுக்கணும்" என்று தேர்வாளரிடம் சொல்லிவிட்டு ஏறினாள். அன்றைக்கே உரிமம் கிடைத்தது.

சுகாதார நிலையத்தில் இருந்த ஒரே வண்டி தலைமை மருத்துவருக்கு. மிலுங்கா தன் சொந்தக் காரில்தான் மலையேறுவாள். கடுகு நிறத்தில் இருபது வயதைத் தாண்டிய சின்னக் கார். கழுவித் துடைத்து வைத்திருப்பாள். எண்ணெய் தீர்ந்தால் ஊற்றுவாள், விளக்கு எரியாவிட்டால் மாற்றுவாள். மற்றபடி, ஆண்டுக்கொரு முறை சோதனைக்குக் கொடுத்து முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கார் சரியாக இருக்கிறது என்றுதான் எல்லாரையும்போல நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சோதனை நிலையம் மிலொயேவுடையது. நான் அங்கே எழுத்தர். மிலொயே கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். யார் வந்தாலும் காபி, குளிர்காலமானால் ஒரு வாய் பிளம் சாராயம். வண்டி வெளியே நிற்கும், அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். "ஓடுதுல்ல? அப்பறம் என்ன, யாகோடா, போட்டுக் குடு" என்பார். நான் கணினியில் எண்களைத் தட்டுவேன். முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு. எல்லா வண்டிக்கும் ஒரே எண் வரக்கூடாது என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். பிரேக்கை அளக்கும் உருளைகள் தரையில் பதித்துக் கிடந்தன. அவற்றை ஓட்டும் மோட்டார் எரிந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மிலொயே மிலுங்காவுக்குக் கூம். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சாட்சியாக நின்றவர், அவள் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திப் பெயர் வைத்தவர். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவனோடு பத்து வருஷம் பேசாமல் இருக்கலாம். கூமோடு ஒரு நாள் முகம் திருப்பினால் ஊரே வாசலுக்கு வந்து கேட்கும். அவர் அவளை "கூமோ" என்பார், அவள் அவரை "கூமே" என்பாள். அந்த மார்ச் மாதமும் அப்படித்தான். கூமோ காபி குடித்தாள், மகளைப் பற்றிப் பேசினாள், நான் எண்களைத் தட்டினேன், ஸ்டிக்கரோடு போனாள்.

ஐந்து வாரம் கழித்து வ்ரானேயிலிருந்து ஒரு பெண்ணையும் குழந்தையையும் இறக்கிக்கொண்டு வந்தாள். தாயின் பெயர் ஸோரிட்சா. குழந்தைக்கு ஒன்பது நாள். மஞ்சள் காமாலை உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும் என்று மிலுங்கா தன் காரிலேயே ஏற்றினாள். வ்ரானே இறக்கம் பதினோரு கிலோமீட்டர். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஓடைக்குப் போகிற சரிவு.

ஏழாவது கிலோமீட்டரில் பிரேக் பெடல் மெத்தென்று ஆனது. அடுத்த வளைவில் கால் தரையைத் தொட்டது.

"ஈரமான ரொட்டிய மிதிச்ச மாதிரி இருந்துச்சுடி" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஸோரிட்சாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம், "கொழந்தைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கோம்மா, கொஞ்சம் குலுங்கும்" என்பதுதான். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்குத் தள்ளினாள். எஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். அது அரைகுறையாகத்தான் பிடித்தது. வளைவுக்கு அப்பால் வலது பக்கம் மேட்டில் ஏறிப்போகும் ஒரு தோட்டத்து வழி இருப்பது அவளுக்குத் தெரியும், அந்த வீட்டில் மூன்று குழந்தைகளுக்கு எடை பார்த்திருக்கிறாள். ஸ்டியரிங்கை ஒடித்து அதில் ஏறினாள். கார் வேலிப் படலை முறித்துக்கொண்டு பிளம் மரங்களுக்கு நடுவே மேடேறி, வேகம் செத்து, ஒரு மரத்தை லேசாக முட்டி நின்றது. மரத்திலிருந்த வெள்ளைப் பூவெல்லாம் பானட்மேல் கொட்டியது. குழந்தை விழிக்கக்கூட இல்லை. தோட்டக்காரர் தன் டிராக்டரில் தாயையும் பிள்ளையையும் கீழே கொண்டுபோய் விட்டார்.

இனிமேல்தான் கதை. ஒரு மணி நேரம் கழித்து ஊர் ஆண்கள் நாலைந்து பேர் மேலே வந்தார்கள், மிலொயேவும் வந்தார். காரில் ஏறி பெடலை மிதித்துப் பார்த்தார். கல்போல நின்றது. இறங்கினார், சிரித்தார்.

"கூமோ, பிரேக் கிண்ணுனு இருக்கு. வந்து பாரு."

"அப்ப இல்ல. தரையில போய் இடிச்சுது."

"பயத்துல கிளட்ச்ச மிதிச்சிருப்ப."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "பதினெட்டு வருஷமா எந்தப் பெடல் எதுன்னு தெரியாமலேயே ஓட்டிட்டாளா?" என்றான். இன்னொருவன், "எறக்கம் முழுக்க மிதிச்சுட்டே வந்திருப்பா. பொம்பளைங்க அப்படித்தான்" என்றான். மிலுங்கா தலைமுடியில் ஒட்டிய பூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள் என்று தோட்டக்காரரின் மனைவி சொன்னாள்.

அன்று மாலை அவள் காரின் கையேட்டைத் தேடி எடுத்தாள். இருபத்து சொச்சம் வருஷமாகப் பிரிக்காத புத்தகம், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சமையலறை மேசையில் வைத்து, மருந்துச் சீட்டு படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கறுப்புக் கட்டத்துக்குள் போட்டிருந்தது. கணவன் ரதிசாவ் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. நல்ல மனிதன், சத்தம் போட்டால் ஒதுங்கிக்கொள்கிற ஆள்.

"நம்ம ஆயில் எப்ப மாத்துன?" என்று அவனிடம் கேட்டாள்.

"கொறையவே இல்லியே. எதுக்கு மாத்தணும்?"

மறுநாள் கார் நின்ற தோட்டத்துக்கு மெக்கானிக் திகோமிரைக் கூட்டிக்கொண்டு போனாள். திகோமிர் நாலு சக்கரத்தையும் கழற்றினான். பென்சில் அளவு கருவி ஒன்றை பிரேக் ஆயிலில் விட்டான். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது ஆயில் இல்லக்கா, தண்ணி. பத்து வருஷத்துத் தண்ணி. காத்துல இருக்கற ஈரத்த இது குடிச்சுக்கிட்டே இருக்கும். சூடு ஏறுனா கொதிச்சு ஆவியாயிடும், பெடல் கீழ போயிடும். ஆறிடுச்சுன்னா மறுபடி ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கும்."

"அப்ப நான் கிளட்ச்ச மிதிக்கல?"

"நீங்க எதையும் தப்பா மிதிக்கல. இங்க பாருங்க. பின்னாடி ரெண்டு சக்கரத்துலயும் பிரேக் இறுகிப்போயி வேலையே செய்யல. அத்தன பாரத்தையும் முன் சக்கரம்தான் தாங்கியிருக்கு. அதான் அவ்வளவு சூடு. இது நேத்து கெட்டது இல்ல, ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும். உருளையில ஏத்தியிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். சரி, விடுங்க, நாளைக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

"தொடாத" என்றாள் மிலுங்கா. "சக்கரத்த மட்டும் மாட்டு."

அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை. வேண்டாம், அவன் கூம், நம் குடும்பப் புனிதர் நாள் விருந்தில் மேசைக்கு வந்து ரொட்டி பிட்கிறவன் என்று ரதிசாவ் சொல்லிப் பார்த்தான். "அந்தக் கொழந்தைக்கு இன்னும் பேர் கூட வெக்கல, ரதிசாவ்" என்பதுதான் அவள் பதில்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சோதனை நிலையத்தில் ஏழு வண்டிகள் நின்றன. மாதக் கடைசி, எல்லாருக்கும் அவசரம். அப்போது திகோமிரின் லாரி வந்தது, முதுகில் கடுகு நிறக் காரைச் சுமந்துகொண்டு. பக்கத்து இருக்கையில் மிலுங்கா, செவிலிச் சீருடையோடு. திகோமிர் லாரியைப் பின்னால் எடுத்து, காரை வாசல் வழியாகச் சரித்து நேராக உருளைகள்மேல் இறக்கினான்.

"நான் இங்க வரவே இல்ல" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு பறந்தான். பாவம், அவன் வாடிக்கையாளர்களில் பாதி மிலொயே அனுப்புகிறவர்கள்.

மிலொயே காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். "என்ன கூமோ, கார் தோள்ல ஏறி வருது?"

"சோதனைக்குக் கொண்டாந்திருக்கேன்."

"உனக்குத்தான் மார்ச்சுல போட்டுக் குடுத்துட்டமே. அடுத்த மார்ச் வரைக்கும் செல்லும்."

மிலுங்கா பையிலிருந்து சவர பிளேடு ஒன்றை எடுத்தாள். கார்க் கதவைத் திறந்து கம்பளிமேல் முழங்காலிட்டு, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மூலையிலிருந்து சுரண்டத் தொடங்கினாள். கரகரவென்று சத்தம். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். நல்ல பசை, ஐந்து நிமிஷத்துக்குமேல் ஆனது. துண்டு துண்டாக வந்ததை உள்ளங்கையில் சேர்த்து, வெளியே வந்து என் மேசைமேல் கொட்டினாள்.

"இப்ப செல்லாது. பாரு."

மிலொயேவின் முகம் கறுத்தது. ஆனாலும் சிரிக்க முயன்றார். "சரி சரி. யாகோடா, கூமோவுக்குப் புதுசு ஒண்ணு போட்டுக் குடு. நம்ம கூமோக்கு ஸ்டிக்கர் புடிக்கலையாம், வேற கலர் வேணுமாம்."

ரொட்டி வண்டிக்காரன் ஓப்ராட் ஹார்ன் அடித்தான். "அக்கா, ரொட்டி ஆறுது! உங்க குடும்பச் சண்டைய வீட்டுல வெச்சுக்கோங்க!" பின்னால் நின்ற இரண்டு மூன்று வண்டிகளும் ஹார்ன் அடித்தன. மிலுங்கா சாவியைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு காரில் சாய்ந்து நின்றாள். வேறு வண்டி எதுவும் உள்ளே வர முடியாது.

மிலொயே உள்ளே போய் ரதிசாவுக்குப் போன் செய்தார். கால் மணி நேரத்தில் அவன் வந்தான், தலையிலும் புருவத்திலும் மரத்தூளோடு. இழுத்துக்கொண்டு போகப்போகிறான் என்று எல்லாரும் வழி விட்டார்கள்.

"மிலுங்கா, வா, வீட்டுக்குப் போலாம்."

"போலாம். சோதன முடியட்டும்."

அவன் மிலொயேவைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். பிறகு காரைச் சுற்றி வந்து பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். கேட்டால், கால் வலித்தது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறான்.

மிலுங்கா என் பக்கம் திரும்பினாள். "யாகோடா, பின் சக்கரத்துக்கு எத்தன போடப் போற?"

என் விரல்கள் தட்டச்சுப் பலகைமேல் இருந்தன. நூற்று நாற்பது, நூற்று முப்பத்தெட்டு என்று அவை பாட்டுக்குத் தட்டியிருக்கும். மார்ச்சிலும் அதைத்தான் தட்டியிருந்தேன்.

"போடும்மா, சீக்கிரம்" என்றார் மிலொயே.

"உருள சுத்தாதுக்கா" என்றேன். "மோட்டார் எரிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. இங்க யாரோட பிரேக்கையும் யாரும் அளக்கல."

ஹார்ன்கள் நின்றன. நான் எதிர்பார்த்தது வேறு. மிலொயேமேல் பாய்வார்கள் என்று நினைத்தேன். பாய்ந்தது அவள்மேல்தான்.

"இப்ப உனக்கு என்ன வேணும்? இத மூடணுமா? ஸ்டிக்கருக்கு நாங்க சாச்சக் வரைக்கும் நாப்பது கிலோமீட்டர் போணுமா?"

"பதினாலு மாசமா யாரும் சாகலியே!"

"ஒம்போது நாள் கொழந்தையும் சாகல" என்றாள் மிலுங்கா. "ஒரு பிளம் மரம் அங்க இருந்துச்சு. அதனால சாகல. உங்க வீட்டு எறக்கத்துல எல்லாம் யாரு பிளம் மரம் நட்டு வெச்சிருக்கா?"

ஓப்ராட் மட்டும் கத்தவில்லை. அவன் மேசைக்கு வந்து என்னைக் கேட்டான்: "அப்ப என் வண்டிய? ஜனவரில நீதான போட்டுக் குடுத்த?"

"பாக்கல" என்றேன்.

"எம் பொண்டாட்டி ரெண்டு பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு அதுலதான் அவ அம்மா வீட்டுக்குப் போனா" என்றான். சொன்னது என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு, நடந்து போகிற வேகத்தில் ஓட்டிப் போனான்.

மிலுங்கா கையை நீட்டினாள். "தகுதி இல்லன்னு எழுதிக் குடுங்க."

அப்படி ஒரு படிவம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. அடி இழுப்பறையில் தேடி எடுத்தேன். மிலொயே வாங்கிக் கிழித்துப் போட்டார். இன்னொன்று எடுத்தேன். அதையும் கிழித்தார். மூன்றாவதை எடுத்து வைத்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் வேலை போய்விட்டது எனக்குத் தெரிந்தது. பிறகு பேனாவைப் பிடுங்கி, தாள் கிழியும்படி கையெழுத்துப் போட்டு அவளிடம் வீசினார்.

"எடுத்துக்கோ. உன் மகளுக்கு நான் பேர் வெச்சேன். இன்னையிலிருந்து நீ எனக்குக் கூமோ இல்ல."

மிலுங்கா தாளைக் குனிந்து எடுத்து, மேலிருந்து கீழ்வரை படித்து, மறுபடி மேசைமேல் வைத்தாள்.

"தேதி போடல" என்றாள்.

அவர் தேதி போட்டார்.

அந்தத் தாளின் நகலை அவள் தலைநகரத்தில் இருக்கும் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். இரண்டு ஆட்கள் வந்து நிலையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆகஸ்டில் புது மோட்டாரோடு திறந்தது, ஒவ்வொரு வண்டியும் உருளையில் ஏறியது. இடையில் இருந்த மாதங்களில் லிபோவா அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கறிக்கடையில் அவளுக்கு எலும்புதான் விழுந்தது. திகோமிர் பிரேக்கைச் சரிசெய்து, சாச்சக்கில் சோதனை முடித்து வந்த அவள் கார்மேல் சாணியைப் பூசினார்கள். கழுவிவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாள் மறுபடி பூசினார்கள். அதற்கும் மறுநாள் கழுவாமலே ஊருக்குள் மூன்று சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு வந்தாள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். புனிதர் நாளில் மிலொயே வரவில்லை. அந்த வருஷம் அவர்கள் ரொட்டியை ரதிசாவின் தம்பி பிட்டான்.

எனக்கு ஐந்து மாதம் வேலை இல்லை. பிறகு சுகாதார நிலையத்தில் பதிவேடு எழுதும் இடம் காலியானது. மிலுங்காதான் வந்து சொன்னாள். "உனக்கு எழுதத் தெரியும். இந்தத் தடவ உள்ளத எழுது, போதும்."

அங்கே போன பிறகுதான் அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று பார்த்தேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போவாள். குழந்தைக்கு எடை பார்த்து, குளிப்பாட்டி, தாயிடம் கொடுத்ததும் தகப்பன் பக்கம் திரும்புவாள். "கார் சாவி எங்க?"

தீக்குச்சியின் தலையை டயர் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் நுழைப்பாள். குச்சியின் மருந்து முழுக்க மறைய வேண்டும், மறையாவிட்டால் டயர் தேய்ந்து மொட்டை. டயர் பக்கவாட்டில் பொறித்த நாலு எண்ணைப் படித்து, எந்த வருஷத்தில் எந்த வாரம் செய்தது என்று சொல்லிவிடுவாள். "இது உன் கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்த டயர்டா. இதுலயா புள்ளைய ஏத்தப் போற?" பானட்டைத் திறக்கச் சொல்லி பிரேக் ஆயிலைப் பார்ப்பாள். வெளிர் தேநீர்போல இருக்க வேண்டும். காபிபோலக் கறுத்திருந்தால் திட்டு விழும். பின் இருக்கை பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பார்ப்பாள். வண்டியைச் சுவர்ப் பக்கம் பின்னால் எடுக்கச் சொல்லி, சுவரில் விழும் சிவப்பு வெளிச்சத்தை எண்ணுவாள். எல்லாம் முடிந்து குழந்தையின் அட்டையில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதுவாள். நான் பதிவேட்டில் ஏற்றியவற்றில் ஒன்று இது: "எடை 3,850 கிராம். தொப்புள் காய்ந்துவிட்டது. தாய்ப்பால் போதுமானது. முன் வலது டயர் மொட்டை, வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்."

தலைமை மருத்துவர் அவளைக் கூப்பிட்டார். நான் கோப்போடு உள்ளே நின்றேன்.

"இது குழந்தையோட மருத்துவ அட்டை, மிலுங்கா. பணிமனை ரசீது இல்ல."

"கொழந்த தூங்கற தொட்டிலப் பாக்கச் சொல்றீங்க. குடிக்கற தண்ணியப் பாக்கச் சொல்றீங்க. போற வண்டிய மட்டும் ஏன் பாக்கக் கூடாது?"

"உங்க வேல அது இல்ல. புகார் வந்திருக்கு. ஒருத்தர் கேட்டைச் சாத்திட்டாராம், நீங்க ஒரு மணி நேரம் வாசப்படியில உக்காந்திருந்தீங்களாம்."

"ஒண்ணே கால் மணி நேரம். அப்பறம் தொறந்தார். பெல்ட்ட எலி கடிச்சிருந்துச்சு."

"எழுத்துல எச்சரிக்கை குடுக்க வேண்டியிருக்கும்."

"குடுங்க. கோப்புல வையுங்க. நாளைக்கும் எழுதுவேன்."

கொடுத்தார். அவள் எழுதினாள். அடுத்த வருஷம் இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அதற்குள் தாய்மார்கள் அவள் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தார்கள். எட்டாம் மாதமே புருஷன்களை நச்சரிக்கத் தொடங்கினார்கள்: "அவ வர்றதுக்குள்ள டயர மாத்திடு, என்னால அவகிட்ட பேச்சு வாங்க முடியாது." திகோமிருக்கு நல்ல காலம். ஓப்ராட் மூன்றாவது பிள்ளை பிறந்தபோது வாசலிலேயே பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

மூன்று வருஷம் கழித்து மிலொயேவின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேறு செவிலி கிடையாது. மிலுங்காதான் போக வேண்டும். அன்று எடைக் கருவியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மிலொயே முற்றத்தில் தன் காருக்கு முன்னால் கைகட்டி நின்றார். எங்களுக்கு வணக்கம்கூட இல்லை. அவள் உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

"என் கார நீ தொட வேண்டாம்."

"அப்ப நீயே தொற. நான் பாக்கறேன்."

மருமகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிலொயே திறந்தார். மிலுங்கா நாலு டயரையும் பார்த்தாள், ஆயிலைப் பார்த்தாள், பெல்ட்டை இழுத்தாள். எல்லாம் புதுசு. அவர் மாற்றி வைத்திருந்தார்.

"பாத்தியா? ஏதாவது குத்தம் இருக்கா?" என்றார், ஊர் கேட்கும்படி.

"எடது பின் வெளக்கு எரியல."

"நேத்து எரிஞ்சுது!"

"நேத்து இந்தக் கொழந்த இதுல போகல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, கொட்டகைக்குள் போனார். நாங்கள் நின்றோம். பல்பைத் தேடிக் கொண்டுவந்து மாட்ட இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தது. அவள் அட்டையில் எழுதினாள். மருமகள் கொண்டுவந்த காபியை நின்றபடியே குடித்தாள். "வர்றேன், கூமே" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் பானட்டைச் சாத்தினார்.

திரும்பும்போது கேட்டேன். "வருத்தமா இல்லியாக்கா?"

"இருக்குடி. என் கல்யாணத்துல அவன் ஆடுன ஆட்டத்த நீ பாத்ததில்ல. தெனமும் நெனப்பேன்." ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். "ஆனா மறுபடியும் அந்தத் திங்கக்கெழம வந்தாலும் சுரண்டத்தான் செய்வேன்."

இறக்கத்தின் உச்சி வந்தது. அங்கேயே இரண்டாவது கியரைப் போட்டாள். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த மரலாரி ஒட்டி வந்து ஹார்ன் அடித்தது. மறுபடியும் நீளமாக அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"அடிக்கட்டும்" என்றாள் மிலுங்கா, வேகத்தைக் கூட்டாமல்.